இரண்டு டாலரில் ஒரு படம்

ஹாஸ்டலில் டிவிடியைக் கைமாற்றிப் படம் பார்த்த நம்ம பேட்ச்காரர்களுக்கு இந்தச் சரித்திரம் வேடிக்கையாக இருக்கும்.

2012 ஏப்ரலில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் ஒரு புது வியாபாரம் தொடங்கியது. வீட்டில் கிடக்கும் டிவிடியைக் கொண்டுபோய்க் காட்டினால், 2 டாலருக்கு அதே படம் வுடு தளத்தில் உங்கள் கணக்கில் ஏறிவிடும். ஹெச்டி தரம் வேண்டுமென்றால் 5 டாலர். டிஸ்க்கைப் பிரதி எடுப்பார்களோ? அதெல்லாம் கிடையாது! எந்தப் படம் என்று பார்த்து, டிஸ்க் மேல் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது அல்ட்ராவயலட் என்ற பொதுப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

பல ஸ்டுடியோக்கள் கூடி 2011-இல் திறந்த பதிவேடு அது. டிஸ்னி மட்டும் சேராமல் 2014-இல் தனிக்கடை போட்டது. 2017-இல் அதுவே மூவீஸ் எனிவேர் ஆகி, மற்ற பெரிய ஸ்டுடியோக்கள் சிலவற்றையும் இழுத்துக்கொண்டது. 2019 ஜூலை 31-இல் அல்ட்ராவயலட்டை மூடிவிட்டார்கள். வுடு போன்ற கடையோடு கணக்கை முன்பே இணைத்து வைத்தவர்களுக்குப் படங்கள் பெரும்பாலும் தப்பின. எஞ்சினியராக என்னைக் கேட்டால், முத்திரை குத்திய அந்தப் பழைய டிவிடி மேல்தான் எனக்கு நம்பிக்கை. பிளேயர் இருந்தால் இன்றைக்கும் ஓடும். யாருக்கும் இரவல் கொடுக்கலாம்.