பத்துக் கையும் நோபல் பரிசும்: யாலோ தம்பதி

திருவிடைமருதூரிலிருந்து பேசுகிறேன். போன எபிசோடில் ஹாஃப்கின் பற்றிப் பேசினோம். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பூசி கண்டுபிடித்த யூத விஞ்ஞானி, கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர், "யூதர்களில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமே விஞ்ஞானியா யாராவது உண்டா?"ன்னு கேட்டிருந்தார். உண்டு. நியூயார்க்கின் ரோசலின் யாலோ, ஏரன் யாலோ.

இவர்களைப் பற்றிப் படிச்சப்போ எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்க பாட்டியோட அடுக்களை. "பத்துக் கையோட தயிரைத் தொடாதே!" சாதம் தொட்ட கையை அலம்பாமல் தயிர்ப் பானையைத் தொட்டால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான். யூத வீடுகளிலும் இப்படி ஒரு ஆசாரம் உண்டு, கோஷர்ன்னு பேர். பாலும் இறைச்சியும் சேரக்கூடாது. ரெண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனித் தட்டு. எங்க பாட்டிக்கு இறைச்சி சமாச்சாரம் பிடிச்சிருக்காது, பாத்திரம் பிரிக்கிறது நிச்சயம் பிடிச்சிருக்கும்.

ரோசலின் 1921-ல் பிறந்தவர். ஹன்டர் கல்லூரியில் இயற்பியல் படித்தார். மேல்படிப்புக்கு உதவித்தொகை கேட்டபோது, பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பதில் பிரசித்தம். நியூயார்க்காரி, யூதப் பெண், பின்னால் வேலை கிடைக்கும்னு உத்தரவாதம் தந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்கிற தொனி. யார் உத்தரவாதம் தருவார்கள்? ஒரு விஞ்ஞானிக்குச் செயலாளராகப் போகலாம் என்று சுருக்கெழுத்துகூடக் கற்றுக்கொண்டார். 1941-ல் இல்லினாய் பல்கலைக்கழகம் அழைத்தது. இளைஞர்களைப் படைக்கு எடுத்துக்கொண்டதால் காலியான இடம்தான் என்பதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். பொறியியல் கல்லூரி ஆசிரியர் குழுவில் 400 பேருக்கு நடுவே ஒரே பெண்.

அங்கே முதல் நாளே சந்தித்தவர் ஏரன். அவரும் இயற்பியல் மாணவர், ஒரு ரபியின் மகன், ஆசாரம் விடாதவர். 1943-ல் கல்யாணம். வீட்டில் கோஷர் வைத்தது பெரும்பாலும் அவருக்காகத்தான், அதை நடத்தியது ரோசலின். வீட்டோட உதவிக்கு ஆள் இருந்தாலும், ரெண்டு குழந்தைகள், ஆய்வகம், பாத்திர விதிகள் எல்லாமே அவர் கணக்கில். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆசாரம் புருஷனுடையது, பாத்திரம் கழுவுகிற கணக்கு பெண்டாட்டியுடையது. நம்ம ஊரிலும் இது புதுசு இல்லையே!

ஆனா ஏரனை ஒரேயடியா ஒதுக்கிவிடவும் முடியாது. ரோசலினை எடித் குயிம்பி என்கிற மருத்துவ இயற்பியல் நிபுணரிடம் அறிமுகம் செய்தவர் அவர்தான். அந்த வழியாகத்தான் 1947-ல் பிராங்க்ஸ் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் வேலை. துடைப்பம் வைக்கிற அறையை ஒழித்துக் கொடுத்த இடம்தான் ஆய்வகம்.

1950-ல் சாலமன் பெர்சன் என்ற மருத்துவர் சேர்ந்தார். இருவரும் இன்சுலினைத் தொடர்ந்தார்கள். ஊசி போட்டுக்கொள்கிறவர்களின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகிறது என்று கண்டார்கள். இவ்வளவு சின்ன மூலக்கூறுக்கு ஆன்டிபாடியா, நடக்காது என்று 1955-ல் கட்டுரை திரும்பி வந்தது. தலைப்பில் அந்தச் சொல்லை எடுத்த பிறகுதான் 1956-ல் அச்சானது.

அந்த ஆன்டிபாடியையே தராசாக்கியதுதான் பெரிய காரியம். நம்ம தைப்பூசத்துக்கு வருகிற பஸ்ஸை நினைச்சுக்கோங்க. இருக்கை கொஞ்சம்தான். சிவப்புத் தொப்பி போட்டவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும், மற்றக் கூட்டம் தெரியாது. எல்லோரும் முண்டியடித்து ஏறிய பிறகு உட்கார்ந்திருக்கிற தொப்பிகளை எண்ணினால் போதும். தொப்பி குறைந்திருந்தால் கூட்டம் அதிகம். இருக்கை ஆன்டிபாடி, தொப்பி போட்டது கதிரியக்க இன்சுலின், கூட்டம் நோயாளியின் இன்சுலின். ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்கிற முறை இதுதான். காப்புரிமை வாங்கவில்லை. ஹார்மோன்களைத் துல்லியமாக அளக்க வழி திறந்தது. பிறந்த குழந்தைக்குத் தைராய்டு குறை உண்டா என்று ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்க முடிந்தது இதனால்தான்.

1972-ல் பெர்சன் இறந்தார். இறந்தவருக்கு நோபல் கிடையாது. 1977-ல் ரோசலின் பெற்றார். ஸ்டாக்ஹோம் உரையில் அந்தப் பழைய நிராகரிப்புக் கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். 22 வருஷம் பத்திரமா வச்சிருந்திருக்கார், பாருங்க. ஏரன் 1992-ல் காலமானார், ரோசலின் 2011-ல்.