புத்துயிர்ப்பு

லியோ டால்ஸ்டாயின் கடைசிப் பெரிய நாவல். 1899-இல் ‘நீவா’ வார இதழில் தொடராக வந்தது. கரு, வழக்கறிஞர் அனத்தோலி கோனி சொன்ன ஓர் உண்மைச் சம்பவம். இளவயதில் தான் கெடுத்துக் கைவிட்ட கத்யூஷா மாஸ்லவா கொலைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க, ஜூரியாக உட்கார்ந்திருக்கிறான் பிரபு நெஹ்லூதவ். நாவல் பேசும் குற்றம் அவனோடு முடிவதில்லை என்பதற்கு அந்த விசாரணையே சான்று. தலைமை நீதிபதிக்கு மாலைக்குள் காதலியைப் பார்க்கப் போகவேண்டும். களைத்த ஜூரிகள் ‘கொல்லும் நோக்கமின்றி’ என்று சேர்க்க மறக்கிறார்கள். விடுபட்ட அந்தச் சொற்களால் நிரபராதிக்கு நான்காண்டு சைபீரியக் கடுந்தண்டனை. கொடியவர் எவரும் அங்கில்லை. அவரவர் உத்தியோகத்தைப் பார்க்கிறார்கள், அநீதி தானே நடந்தேறுகிறது.

கலையைப் பிரசங்கம் விழுங்கிவிட்டது என்பார்கள். பைபிள் வாசகங்களில் முடியும் இறுதி அத்தியாயத்துக்கு அது பொருந்தும். ஒரு பெண்ணின் துன்பம் ஆணின் ஆன்ம ஈடேற்றத்துக்குப் படிக்கல்லாகிறது என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. ஆனால் அதை முதலில் எழுப்புபவளே மாஸ்லவாதான்: என்னைக் காட்டி உன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாய் என்று சிறையில் அவன் முகத்துக்கு நேரே சீறுகிறாள். தண்டனை குறைக்கப்பட்ட பிறகும் அவனை மணக்க மறுத்து, அரசியல் கைதி சீமன்சனுடன் வாழத் தீர்மானிக்கிறாள். நாவலின் வருவாய், ராணுவச் சேவையை மறுத்த துகோபோர் மக்கள் கனடாவுக்குக் குடிபெயர உதவியது. 1901-இல் ரஷ்யத் திருச்சபை டால்ஸ்டாயை விலக்கியதற்கு, சிறை வழிபாட்டை அவர் சித்தரித்த விதமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.