நெஞ்சில் ஒரு வார்த்தை!

டிசம்பர் மாதம், விடியற்காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறீர்களா? தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்! பெங்களூர்க் குளிருக்கு ஏது செக்போஸ்ட்? நேராக உள்ளே வந்துவிடுகிறது. கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற அத்தனை பேர் மீதும் ஸ்வெட்டர்.

அங்கே சிப்காட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன் செய்தான். நண்பர்களோடு சேர்ந்து இசைக்குழு வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரில் வாசிக்கிறார்கள். "மாமா, ஜாஸ் காலத்து மாடல்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் ஆர்டர் பண்றோம். நெஞ்சுல 'கூல் கேட்ஸ் - 1925'னு போடப்போறோம். நல்லாருக்கா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வரலாறு இடிக்கிறதே!

'ஜாஸ் யுகம்' என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டு. 1922-ல் தன் கதைத் தொகுப்புக்கே அந்தப் பெயரை வைத்தார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தபோது அந்த யுகமும் முடிந்தது என்று பிற்பாடு அவரே எழுதினார். ஜாஸ்காரர்கள் வாயில் 'கூல்' என்ற பாராட்டு பரவியதோ 1940-களில்! 1925-ல் ஒரு வாத்தியக்காரரைப் புகழ வேண்டுமென்றால், அதற்கு நேர் எதிர் வார்த்தை... 'ஹாட்'! அந்த வருடம் நவம்பரில் லூயி ஆம்ஸ்ட்ராங் ஷிகாகோவில் இசைத்தட்டு பதிவு செய்தாரே, அந்தக் குழுவின் பெயரே 'ஹாட் ஃபைவ்'தான். 'ஸ்விங்' போடலாமா என்றால், அந்தப் பைத்தியம் நாடு முழுக்கப் பிடித்தது 1935-ல்.

இன்னொரு வேடிக்கை. ஜாஸ் என்ற வார்த்தை பிறந்தது இசை மேடையில் அல்ல. 1912-ல் லாஸ் ஏஞ்சலீஸ் பத்திரிகை ஒன்றில், பேஸ்பால் வீரர் ஒருவர் தன் பந்துவீச்சுக்கு வைத்த செல்லப் பெயராக அது அச்சானது. எழுத்து தைத்த ஸ்வெட்டரும் அதே விளையாட்டிலிருந்து வந்த சங்கதிதான்! 1865-ல் ஹார்வர்டு பேஸ்பால் குழுவினர் சட்டையில் 'ஹெச்' என்ற ஒற்றை எழுத்தைத் தைத்துக்கொண்டார்கள். முக்கியமான ஆட்டத்தில் ஆடியவர்தான் அதை வைத்துக்கொள்ளலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் எழுத்து ஸ்வெட்டருக்குத் தாவியது. ஆக, அந்தக் காலத்து ஸ்வெட்டரில் நீள நீளமாக வசனம் கிடையாது. ஓர் எழுத்து, மிஞ்சிப்போனால் குழுவின் பெயர்.

"அப்ப என்னதான் போடறது மாமா?" என்றான், கொஞ்சம் கடுப்போடு.

'வெண்டோம்' என்றேன்.

ஷிகாகோவில் கறுப்பர்கள் கூடிய சினிமா தியேட்டர் அது. பேசாத பட காலம். நம் ஊரில் 1931-ல் 'காளிதாஸ்' வந்து பேசும்வரை எப்படியோ, அங்கேயும் அப்படித்தான். திரைக்குக் கீழே உட்கார்ந்து வாத்தியக்காரர்கள்தான் படத்துக்கு உயிர் கொடுத்தார்கள். எர்ஸ்கின் டேட் நடத்திய அந்த வெண்டோம் குழுவில் ஆம்ஸ்ட்ராங் வாசித்தார். 1926 மே மாதம் அந்தக் குழு ஒரு இசைத்தட்டு பதிவு செய்தபோது பியானோவில் இருந்தவர் டெடி வெதர்ஃபோர்டு.

இந்த டெடி அதே வருடம் கப்பல் ஏறினார். ஷாங்காய் போனார். 1930-களில் நம் பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டலுக்கே வந்து சேர்ந்தார்! அவர் பிறந்த வர்ஜீனியாவில் கறுப்பருக்கு ரயிலில்கூட தனிப் பெட்டி. இங்கே அவர் மேடையில் ராஜா. (நம்மவர்களை வாசலோடு நிறுத்திய வெள்ளைக்கார கிளப்புகளும் இதே ஊர்களில்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.) போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் இந்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு குழு நடத்தினார். 1945 ஏப்ரலில் காலரா வந்து, கல்கத்தாவிலேயே செத்துப்போனார். வயது 41. ஷிகாகோவில் அவரோடு வாசித்த ஆம்ஸ்ட்ராங்கை உலகத்துக்கே தெரியும். டெடியை..? நீங்களே சொல்லுங்கள்!

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஸ்பெல்லிங் அனுப்புங்க மாமா" என்றான்.

மறுநாள், கம்பெனி யூனிஃபார்ம்களுக்குப் பெயர் தைக்கும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைக்குப் போயிருக்கிறான். 'வெண்டோம் - 1926' என்று எழுதிய சீட்டைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இது எந்த கம்பெனி தம்பி? சிப்காட் ஃபேஸ் ஒண்ணா, ரெண்டா?"