கூந்தலில் விழுந்த பூ

சின்னமனூர் பக்கத்து அய்யம்பட்டியில் வாடிவாசல் திறந்தால் ஒலிபெருக்கியில் கேட்பது மாட்டுக்காரன் பேரும் பிடித்தவன் பேரும்தான். கலித்தொகையின் முல்லைக்கலியில் கேட்பது பெண்குரல். சோழன் நல்லுருத்திரனின் அந்த 17 பாடல்களில் ஒருத்தி, தயிர் கடைந்து புள்ளி தெறித்த தன் தோளில் ஏறு தழுவியவனின் குருதியும் கலக்க அணைப்பது அழகா என்று தோழியிடம் கேட்கிறாள். ஆசை கேள்வியிலேயே இருக்கிறது. இன்னொருத்தியின் தலையில், காளை கொம்பால் பறித்தெறிந்த அவன் பூ விழுகிறது, கூந்தலுக்குள் முடிந்துகொள்கிறாள். அயலான் சூடிய பூ. தாய்க்குத் தெரிந்தால்?

இத்துணிவுக்கும் வேலி உண்டு. காளையை அடக்கினால்தான் பெண் என்று வைத்தவர்கள் சுற்றத்தார்.

1959இல் வந்த சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நாவலில் பிச்சி காரிக்காளையை அணைவது செத்த தகப்பனுக்காக. எதிரே ஜமீன்தாரின் மானம். ஆசையோடு பார்த்து நிற்கும் பெண் அந்தத் திட்டிவாசலில் இல்லை.