தூத்துக்குடிக் கணக்கும் ஒரு பொய் மெயிலும்

எங்கள் லால்குடிப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. ஊரிலுள்ள வங்கிக் கணக்கை அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பழைய வழக்கை எழுதி வைக்கிறேன்.

2007 செப்டம்பர். அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு. யூசர் நேம், பாஸ்வேர்டை அனுப்பாவிட்டால் கணக்கு போய்விடும்னு வங்கியின் பெயரில் ஒரு ஈமெயில். நம்பி அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் போய்விட்டது.

இதுவரை எல்லாரும் கேட்ட கதைதான். பணம் போன வழிதான் விஷயம். அது அதே வங்கியில் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. அந்த நிறுவனம் மும்பைக் கிளையில் 4.6 லட்சத்தை எடுத்துக்கொண்டது. மீதி அந்தக் கணக்கிலேயே கிடந்தது. கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே அந்த வங்கியின் வாடிக்கையாளர்கள்! ஆனால் வங்கி சொன்னது, பாஸ்வேர்டைக் கொடுத்தது உங்கள் கவனக்குறைவு என்பதுதான்.

அவர் போனது சிவில் கோர்ட்டுக்கு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி இந்த மாதிரி நஷ்டஈட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி மாநில ஐ.டி. செயலாளர். பலருக்கும் தெரியாத கதவு இது. அப்போது செயலாளராக இருந்த பி.டபிள்யூ.சி. டேவிதார், 2010 ஏப்ரல் 12 அன்று வங்கி 12.85 லட்சம் கொடுக்க உத்தரவிட்டார். அனுமதியில்லாத நுழைவைத் தடுக்கப் போதுமான ஏற்பாடுகளை வங்கி செய்யவில்லை என்பது காரணம்.

ஒரு என்ஜினீயராக எனக்கு இது சரியாகவே படுகிறது. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அதில் அனுப்புநர் பெயர், தபால் உறையின் மேல் நாம் எழுதும் பெயர் மாதிரி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து போட்டால் அசல் எது, போலி எது என்று சோதித்துவிடலாம். சட்டம் ஏற்கும் அடையாளச் சோதனை டிஜிட்டல் கையெழுத்துதான், வேறு முறை வைத்தால் சட்டரீதியான ஆபத்து வங்கிக்கு என்று ரிசர்வ் வங்கி 2001 ஜூனிலேயே எழுதிவிட்டது. ஆறு வருஷம் கழித்தும் பாஸ்வேர்டு மட்டுமே காவல் என்றால் யாருடைய கவனக்குறைவு?

வங்கி மேல்முறையீடு செய்தது. அந்த சைபர் தீர்ப்பாயத்திலோ 2011-க்குப் பிறகு தலைவரே இல்லை. 2017-இல் அதை டெலிகாம் தீர்ப்பாயத்தோடு சேர்த்தார்கள். அங்கே 2019-இல்தான் உத்தரவு உறுதியானது. பணம் போய் பதினோரு வருஷம் தாண்டிவிட்டது.

நடுவில், 2017 ஜூலையில், ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தது. வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை. நம் தவறு என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. நல்ல விதிதான். ஆனால் ரகசிய விவரத்தை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுக்க நம் தலையில். அபுதாபிக்காரர் இந்த விதியின் கீழ் வந்திருந்தால் முதல் கேள்வியிலேயே தோற்றிருப்பார். 2010 உத்தரவு கேட்ட கேள்வி, வங்கி என்ன ஏற்பாடு செய்தது என்பது, இதில் பின்னால் போய்விட்டது.

2025 அக்டோபருக்குள் எல்லா வங்கிகளும் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இனி வங்கியின் தளத்தைத் திறக்கும்போது முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பணம் போனால் வங்கிக்கும் 1930-க்கும் உடனே சொல்லி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். விதிப்படி கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் ஓடும்.