‘மன்’ என்றொரு சொல்

நிரந்தரம், நித்தியம், சாசுவதம்! நிலைத்த பொருளைக் குறிக்க இன்று நம் நாவில் முந்தி நிற்பவை இவ்வட சொற்கள். சங்கப் புலவன் இவ்விடத்தில் என்ன சொன்னான்? ‘மன்’ என்றான். மன்னுதல் நிலைத்தல்; மன்னாதது நிலையாதது.

மன்னன் என்பதற்கும் இதுவே வேர் என்று கூறும் அறிஞர் உளர். நிலைத்தவன் என்று பெயர், நிலைத்தானா? நிலைக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் அவனிடம் குறைவின்றி இருந்தது. கல்லிலும் செம்பிலும் தானங்களைப் பொறித்து, சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லும் என்று எழுதுவித்தார்கள் நம் வேந்தர்கள்.

வேள்விக்குடிச் செப்பேடு சொல்லும் கதையைக் கேட்போம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, வேள்வி செய்த நற்கொற்றனுக்கு ஊர் ஒன்றைக் கொடையாகத் தந்தான். அவன் வழியினர் நெடுங்காலம் துய்த்தனர். பின்னர்க் களப்பிரர் வந்தனர்; கொடை போயிற்று. 8ஆம் நூற்றாண்டில் நற்சிங்கன் என்பான் முறையிட, பாண்டியன் நெடுஞ்சடையன் அதை மீட்டளித்தான். பறிபோன கொடைக்கு மீண்டும் ஒரு சாசனம்! உழுதவன் யார், விளைத்தவன் யார் என்று அந்தச் செம்பில் தேடிப் பயனில்லை.

இனிக் குமணனைப் பாருங்கள். நாடிழந்து காட்டில் இருந்தவனிடம் பெருந்தலைச் சாத்தனார் சென்று பாடுகிறார். ஈவதற்கு ஏதுமில்லை, தன் தலையையே தர எண்ணி, வாளை நீட்டுகிறான். அதைச் சொல்லும் புறநானூற்று 165ஆம் பாட்டின் தொடக்கத்தில் ‘மன்னா’, ‘மன்னுதல்’ என்னும் இரண்டும் அருகருகே நிற்கின்றன. நிலைக்க எண்ணியோர் புகழை நிறுத்திவிட்டு மாய்ந்தனர் என்கிறார் புலவர். இரப்போர்க்கு ஈயாத பெருஞ்செல்வர்க்கோ அப்பழையோரோடு தொடர்பே இல்லை என்று ஒதுக்கியும் விடுகிறார். சாசனம் எதுவும் அவர் கேட்கவில்லை.

இலக்கண நூலார் செய்தி இன்னும் சுவையானது. தொல்காப்பியர் ‘மன்’ என்னும் இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் கூறினார். நிலைபேறு அவற்றுள் இல்லை. நன்னூலில் பவணந்தியார் அதை ஆறாக்கியபோது நிலைபேறும் சேர்ந்தது. கழிவும் உடன் இருந்தது. வினை வேறு, இடைச்சொல் வேறு என்று பிரித்துக் காட்டலாம், பிரிக்கட்டும். ‘நிலைத்தது’, ‘கழிந்தது’ என்னும் இரண்டையும் ஒரே ஒலியால் சொன்னது நம் மொழி.

கழிவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று, அதியமான் மாண்டபோது ஒளவையார் பாடிய கையறுநிலை. ‘மன்னே’, ‘மன்னே’ என்று மீண்டும் மீண்டும் முடிகிறது அப்பாட்டு. ‘அது போயிற்றே’ என்பது பொருள். அங்கே அவர் முதலில் நினைத்து அழுவது அதியமானின் கோட்டையை அன்று, கொடியை அன்று. கள் சிறிதளவே கிடைத்த நாளில் அதைத் தான் பருகாது தமக்கே கொடுத்துவிடுவானே, அதை.