உருளைக்கிழங்கு அழுகிய தீவு

1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அயர்லாந்துத் தீவில் 81 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். இன்று தெற்கே உள்ள குடியரசையும், பிரிட்டனோடு ஒட்டியிருக்கும் வடக்கு மாவட்டங்கள் ஆறையும் சேர்த்தே எண்ணினாலும் 70 லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உலகமே பெருகிய 180 ஆண்டுகளில் ஒரு நாடு மட்டும் ஏன் சுருங்கியது?

விளைநிலம் பெரும்பாலும் ஜமீன்தார்களிடம் இருந்தது. அவர்களில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்தே குத்தகை வாங்கினார்கள். குடியானவர் விளைவித்த கோதுமையும் ஓட்ஸும், வளர்த்த பன்றியும் குத்தகைக்கே சரியாகிவிடும். அவர் வயிற்றுக்கு மிஞ்சியது உருளைக்கிழங்கு. உழைக்கும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தின்பார், தொட்டுக்கொள்ள மோர். ஏழைகள் நட்டதெல்லாம் 'லம்பர்' என்ற ஒரே ரகம். சுவை மட்டம், விளைச்சல் அமோகம்.

1845-ல் இலைக்கருகல் நோய் வந்தது. மண்ணைக் கிளறினால் கிழங்குக்குப் பதில் நாற்றமடிக்கும் கருங்கூழ். மறு ஆண்டு ஏறக்குறைய மொத்தமும் போயிற்று.

அப்போதும் தானியமும் வெண்ணெயும் மாடுகளும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. வண்டிகளுக்குச் சில இடங்களில் சிப்பாய்க் காவல் வேறு. 1847-ல் வெளியே போனதைவிட உள்ளே வந்த தானியம் அதிகம் என்பதும் உண்மையே. ஆனால் காசில்லாதவருக்குச் சந்தையில் சோளம் குவிந்திருந்து என்ன பயன்?

நிவாரணத்தின் கடிவாளம் லண்டன் கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன் கையில் இருந்தது. பஞ்சத்தைக் கடவுளின் ஏற்பாடாகவே பார்த்தவர் அவர். 1847 கோடையில் கஞ்சித் தொட்டிகள் நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்குச் சோறு போட்டன. நன்றாக நடந்த அந்த ஒரு திட்டத்தையும் சில மாதங்களில் மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்று சட்டம் வந்தது. பிழைக்க வேண்டுமானால் நிலத்தை விட்டுவிட வேண்டும். பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்கும் வேறு திசைகளுக்கும் கப்பலேறினார்கள்.

இதே டிரெவெல்யன்தான் 1859-ல் சென்னை மாகாண கவர்னராக வந்தார். கல்கத்தா அரசு கொண்டுவந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். சென்னையில் அவருக்கு நல்ல பெயர்தான்!

பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மேற்குக் கரைதான் ஐரிஷ் மொழியின் கோட்டை. பேசுகிறவர்களே போனபின் மொழி எப்படி நிற்கும்? ஏற்கெனவே பல பள்ளிகளில் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஐரிஷில் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அடி. பல பெற்றோரும் இதற்கு உடன்பட்டார்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமே என்ற கணக்கு.

மீட்புக்கான முயற்சி முதலில் விளையாட்டுத் திடலில் துவங்கியது. 1884-ல் தர்லஸ் என்ற ஊரில் கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. மரமட்டையால் சிறு தோல்பந்தை ஆளுயரத்துக்கு மேலே பறக்க அடிக்கும் 'ஹர்லிங்' ஆட்டத்தைச் சங்கம் ஊர் ஊராக வளர்த்தது. இன்றும் அதன் நட்சத்திரங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறன்று பல்லாயிரம் பேர் முன்னால் ஆடியவர் திங்களன்று வகுப்பெடுக்கவோ பால் கறக்கவோ போய்விடுவார். 1893-ல் மொழிக்கென்று கேலிக் லீக் வந்தது. அதன் முதல் தலைவர் டக்ளஸ் ஹைட், புராட்டஸ்டன்ட் பாதிரியாரின் மகன். 1938-ல் நாட்டின் முதல் ஜனாதிபதியும் அவரே. அதே ஆண்டு அவர் ஒரு கால்பந்துப் போட்டியைப் பார்க்கப் போனார். அந்நிய ஆட்டம் பார்த்த குற்றத்துக்காக விளையாட்டுச் சங்கம் அவரைப் புரவலர் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. கொஞ்சம் அதிகப்படிதான்.

ஆனால் அந்த வீம்புக்குப் பின்னால் இரத்தம் இருந்தது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினில் சங்கத்தின் குரோக் பார்க் மைதானத்துக்குள் பிரிட்டிஷ் படையினர் நுழைந்து கூட்டத்தைச் சுட்டார்கள். ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் உட்பட 14 பேர் பலி. இன்று பார்வையாளர் அரங்கு ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்நிய ஆட்டத் தடை 1971-ல் நீங்கியது. மைதானத்தை அந்த ஆட்டங்களுக்குத் திறந்துவிட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2007 பிப்ரவரியில் இங்கிலாந்து ரக்பி அணி அங்கே இறங்கியபோது, பிரிட்டிஷ் தேசிய கீதத்துக்குக் கூச்சல் எழுமோ என்று பலர் பதறினார்கள். கூட்டம் மரியாதையாக நின்று கேட்டது. பிறகு ஆட்டத்தில் அயர்லாந்து 43-13 என்று இங்கிலாந்தைத் துவைத்து எடுத்தது.